அரைக் கிலோ கறியும் ஐந்து தட்டுகளும்

நான் கடைசியாக வேலை பார்த்த துணை சுகாதார நிலையத்தில் இப்போது இருக்கும் செவிலியர் சென்ற மாதம் போனில் பேசினாள். கர்ப்பிணிகளைப் பற்றிய விவரங்களை எல்லாம் இப்போது கைபேசியில்தான் ஏற்றுகிறார்கள். இறைச்சி, முட்டை, மீன் சாப்பிடுவதுண்டா என்று அதில் ஒரு கேள்வி வருமாம். அவள் பார்க்கிற பெண்கள் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். "ஞாயித்துக்கிழமை கறி எடுக்காத வீடே இங்கன இல்லக்கா. ஆனா ஒருத்திக்கும் ரத்தம் ஏறமாட்டேங்கு. எடுக்குத கறி எல்லாம் எங்கதான் போகுது?" என்று கேட்டாள்.

சோறு போடுகிற நேரத்துக்குப் போய்ப் பார் என்று சொன்னேன். அதற்குள் அவளுக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது. போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. எனக்கு இது விளங்கவே பல வருஷம் ஆயிற்று. அதனால் நடந்ததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் பிறந்தது திருநெல்வேலி டவுணில், தேர் ஓடும் வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். சைவ வீடு. முட்டைகூட உள்ளே வந்ததில்லை. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். செவிலியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தபோது, விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா என்பதுதான் வீட்டில் பெரிய கவலையாக இருந்தது. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தடுப்பூசி போடவும், வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் குழந்தையின் தலை எங்கே இருக்கிறது என்று சொல்லவும் கற்றுக்கொண்டேன். ரத்தசோகை என்ற பாடத்தில் ஈரல், இறைச்சி, கீரை, பேரீச்சம்பழம் என்று வரிசையாக மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதினேன். அதில் ஈரல் எந்த நிறத்தில் இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

முதல் வேலை ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில். அணையிலிருந்து பிரியும் வாய்க்காலை ஒட்டி வாழையும் நெல்லும் விளைகிற ஊர்கள். ஆண்கள் வாழைத்தார் வெட்டிச் சுமந்து லாரியில் ஏற்றுவார்கள். பெண்கள் நாற்று நடுவார்கள், களை பறிப்பார்கள், வாழை இலை அறுத்துக் கட்டுவார்கள். நான் படம் போட்ட அட்டையை வேப்பமரத்தில் மாட்டி, கர்ப்பிணிகளை உட்காரவைத்து, வாரம் இரண்டு முறையாவது ஈரலோ கறியோ சாப்பிட வேண்டும் என்று பேசுவேன். அப்படி ஒருநாள் பேசிக்கொண்டிருந்தபோது, கைக்குழந்தையோடு இருந்த ஒருத்தி, "ஈரல் கசக்குமா, இனிக்குமா நர்ஸம்மா?" என்று கேட்டாள். நான் திருதிருவென்று விழித்தேன். கூட்டம் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது முகம் சுண்டிப்போயிருந்தது.

என் பகுதிக்கு மேற்பார்வையாளராக மைமூன் அக்கா வந்தது அதற்குப் பிறகுதான். மேலப்பாளையத்துக்காரர். நல்ல உயரம். வெள்ளைச் சேலையின் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டபடி, குடையை ஊன்றிக்கொண்டு மெதுவாக நடப்பார். அதட்டிப் பேசி நான் கேட்டதே இல்லை. ஒரு வீட்டுக்குப் போனால் வாசலில் நின்றுகொண்டே இருப்பார். வீட்டுக்காரி உட்காரச் சொன்ன பிறகுதான் உட்காருவார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார். பிறகு அன்றைக்கு என்ன சமையல் என்று கேட்பார். உள்ளே வந்து பார்க்கலாமா என்று கேட்பார். சட்டியின் மூடியை அவர் கையால் திறந்ததே கிடையாது. வீட்டுக்காரியைத்தான் திறக்கச் சொல்வார். கடைசியில், கிளம்பும்போது, யார் பரிமாறுவது, யார் முதலில் உட்காருவது என்று ஏதோ நினைவு வந்ததைப்போலக் கேட்டுக்கொள்வார். ரத்தம் பரிசோதிக்கிறதைப் பற்றி மூச்சுவிட மாட்டார். முதல் தடவை இதைப் பார்த்தபோது, இதற்கா இவ்வளவு தூரம் வெயிலில் வந்தோம் என்று எனக்குச் சலிப்பாக இருந்தது.

கறியைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் அவரும் அந்த ஊர்ப் பெண்களும் சொல்லித் தெரிந்ததுதான். கறியைக் குறைத்து வாங்கி நிறையப் பேருக்குக் கொடுப்பது எப்படி என்று மைமூன் அக்காவின் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவர்கள் குழம்பை ஆணம் என்பார்கள். எலும்பைத் தனியாக எடுத்து, பருப்போடும் வாழைக்காயோடும் கத்தரிக்காயோடும் வேகவைத்துப் புளி கரைத்து ஊற்றினால் அது ஒரு ஆணம். சதையைக் கொத்திக் கடலைப்பருப்போடு சேர்த்தால் இன்னொன்று. இரண்டு நேரத்துக்கு ஆகிவிடும். ஆட்டின் மண்ணீரலை இங்கே சுவரொட்டி என்பார்கள். கறிக்கடையில் அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு என்பதால் விலையும் குறைவு. அதில் இருக்கிற இரும்புச் சத்து சதைக்கறியில் இருப்பதைவிட எவ்வளவோ அதிகம். முருங்கைக்கீரையை இறக்கும்போது போட்டு எலுமிச்சம்பழம் பிழிந்தால் கீரையில் இருக்கிற சத்தும் உடம்பில் சேரும். இதையெல்லாம் நான் அட்டை இல்லாமல் பேச ஆரம்பித்தேன். சைவ வீட்டு நர்ஸம்மா சுவரொட்டி உரிக்கச் சொல்லித் தருகிறாள் என்று பக்கத்து ஊரில்கூடப் பேச்சாக இருந்ததாம்.

ஒருமுறை தடுப்பூசி முகாமுக்காக எங்களை மாஞ்சோலை மலைக்கு அனுப்பினார்கள். அந்தத் தேயிலைத் தோட்டத்தை மூடிவிட்டதால் ஆட்கள் இப்போது கீழே இறங்கிவிட்டார்கள். அன்று அங்கே பெண்கள் சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காயுமுன்னே பால் சேர்க்காத கட்டன் சாயா குடிப்பதைப் பார்த்தேன். சாயா இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. அதை உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று நான் எழுந்தேன். மைமூன் அக்கா கையைப் பிடித்து உட்காரவைத்தார். அந்தக் குளிரில் சாயா வேண்டாம் என்றால் நாம் சொல்லும் மற்ற எதையும் கேட்க மாட்டார்கள் என்றார். பிறகு அவரே அந்தப் பெண்களிடம் சாயா வாங்கிக் குடித்துவிட்டு, இதைச் சாப்பாட்டுக்குக் கொஞ்ச நேரம் கழித்துக் குடித்தால் நல்லது என்று மட்டும் சொன்னார். மலையிலிருந்து பஸ் இறங்கி வரும்போது, "பைய சொல்லு சிவகாமி. கேக்கது மாதிரி சொல்லு" என்றார்.

இதை எல்லாம் தெரிந்துகொண்டு நான் தேறிவிட்டேன் என்று நினைத்திருந்த காலத்தில்தான் இசக்கியம்மாள் வந்தாள்.

இரண்டாவது கர்ப்பம், ஐந்தாம் மாதம். வாழை இலை அறுக்கப் போகிறவள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பே இல்லை. நாலு எட்டு நடந்தால் நின்று மூச்சு வாங்கினாள். மூத்தது ஒரு பெண் குழந்தை, மூன்று வயது இருக்கும். புருஷன் சுடலை. அவன் தம்பி மாரியப்பன். இரண்டு பேரும் தார் சுமக்கிறவர்கள். மாமனார் இல்லை. மாமியார் பேச்சியம்மாள்தான் வீட்டை நடத்தினாள். ஒல்லியான உடம்பு, ஒரு நிமிஷம் சும்மா இருக்காத கை. நாங்கள் கொடுத்த மாத்திரையை இசக்கி கொஞ்ச நாளிலேயே நிறுத்திவிட்டிருந்தாள். குமட்டுகிறது என்றாள். மாத்திரை தின்றால் பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்று யாரோ பேச்சியம்மாளிடம் சொல்லியும் இருந்தார்கள்.

கறி சாப்பிடுகிறாளா என்று கேட்டேன். பேச்சியம்மாள் முந்திக்கொண்டு, ஞாயிறு தவறாமல் அரைக் கிலோ எடுக்கிறோம் என்றாள். அது உண்மைதான். நான் சுவரொட்டி, முருங்கைக்கீரை என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த மாதம் பார்த்தால் ரத்தம் இன்னும் குறைந்திருந்தது.

மைமூன் அக்காவிடம் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சட்டியப் பாத்த, சரி. தட்டப் பாத்தியா?" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானாகவே பஸ் ஏறினேன். மத்தியானம். குழம்பு கொதிக்கிற வாசனை தெருமுனைக்கே வந்தது. மாத்திரை கொடுக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு உள்ளே ஒரு ஓரமாக உட்கார்ந்தேன். சுடலையும் மாரியப்பனும் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். தோள் இரண்டும் காய்த்துப்போயிருந்தன. பேச்சியம்மாள் அகப்பையைச் சட்டிக்குள் விட்டு, கண்ணால் பார்க்காமலே அடியில் துழாவி, சதையாக வருவதை ஒருவனுக்கும் மற்றவனுக்கும் மாற்றி மாற்றி வைத்தாள். ஒருவனுக்கு ஒன்று கூடாமலும் குறையாமலும் போட்டாள். அடுத்தது பேத்தி. அவளுக்கு ஈரல் துண்டும், கடித்து உறிஞ்ச ஒரு எலும்பும். அவர்கள் எழுந்த பிறகு தரையைத் துடைத்துவிட்டு இசக்கிக்கும் தனக்கும் தட்டு வைத்தாள். சட்டியில் சிவப்பாகக் குழம்பு நிறைய இருந்தது. உருளைக்கிழங்கு இருந்தது. கறி இல்லை. இசக்கி குழம்பை ஊற்றிப் பிசைந்து தின்றாள். நல்ல குழம்பு என்றுதான் அவள் முகம் சொன்னது.

பொறுத்திருந்து பேசியிருக்கலாம். எனக்கு மனசு தாளவில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு ரெண்டு துண்டு எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டேன்.

பேச்சியம்மாள் தட்டிலிருந்து கையை எடுத்தாள். "தார் தூக்குதவனுக்குத் தெம்பு வேண்டாமா? அவன் விழுந்தா இந்த வீடே விழுந்துரும்லா" என்றாள். அகப்பையைச் சட்டிக்குள் போட்டாள். "நான் எடுத்து வைக்கலன்னு கேக்கீயளே நர்ஸம்மா. எனக்கு யாரு எடுத்து வச்சா? நானும் ரெண்டு பெத்தவதானே."

இசக்கி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். என்னால் அவளுக்கும் சங்கடம். திரும்பும்போது பஸ்ஸில் என் அம்மாவை நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் கறி கிடையாது. ஆனால் அப்பாவும் நாங்களும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அம்மா உட்காருவாள். அப்போது அவியலில் காய் எல்லாம் போய்த் தேங்காய் விழுது மட்டும் சட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வழித்துச் சோற்றில் போட்டுப் பிசைவாள். அதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். பார்த்தது போல எனக்குத் தோன்றியதே இல்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கதவு எனக்குத் திறக்கவில்லை. போகும்போதெல்லாம் இசக்கி வேலைக்குப் போயிருக்கிறாள் என்று பதில் வந்தது. கடைசியில் வாழைத் தோட்டத்து வரப்பில் வைத்துத்தான் அவள் விரலைக் குத்தி ரத்தம் எடுத்தேன். பதினொன்றாவது இருக்க வேண்டிய அளவு ஏழுக்குக் கீழே போயிருந்தது. ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் இரும்புச் சத்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்ற வேண்டும் என்று நாள் குறித்துக் கொடுத்தார். அவள் வரவில்லை. இப்படியே பிரசவம் வந்து ரத்தமும் கொஞ்சம் கூடப் போனால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். அப்படி ஒரு பெண்ணை ஆம்புலன்ஸில் கூட்டிப்போய், அவள் சேலையை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறேன்.

மைமூன் அக்கா என்னோடு வந்தார். பேச்சியம்மாள் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மைமூன் அக்கா வழக்கம்போல நின்றார். வெயில் அடித்தது. வெகுநேரம் கழித்து, உக்காருங்க என்று சத்தம் வந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்தார். மருமகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பேச்சியம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், உங்களுக்குத் தலை சுற்றுமா என்று கேட்டார். குனிந்து நிமிர்ந்தால் சுற்றும் என்றாள் பேச்சியம்மாள். படி ஏறினால் நெஞ்சு அடிக்குமா என்றார். அடிக்கும், வயசாகிறது இல்லையா என்றாள். இங்கே திரும்புங்க என்று அவளை வெளிச்சத்தில் உட்காரவைத்து, கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார்.

மருமகளின் கண்ணில் பார்த்த அதே வெளுப்பு.

அங்கேயே விரலைக் குத்திப் பார்த்தோம். மருமகளுக்கு இருந்ததைவிடக் கொஞ்சம்தான் கூட. நான் எத்தனை தடவை அந்த வாசலுக்கு வந்திருப்பேன். மாமியாருக்குப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பேச்சியம்மாள் குத்திய விரலை மற்றக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். தன் உடம்புக்கு இப்படி ஒருவர் வந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை என்றாள். இரண்டு பிள்ளைகளும் வீட்டில்தான் பிறந்தார்களாம். சின்னவன் பிறந்தபோது மூன்று நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்ததையும், மாமியார் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனதையும் சொன்னாள். அழவில்லை. முறத்தை எடுத்து மறுபடியும் புடைக்க ஆரம்பித்தாள்.

மைமூன் அக்கா எழுந்தார். "ஞாயித்துக்கிழம நான் வாரேன். ஒங்க வீட்டுக் கறிய ஒரு நாளைக்கு என் கைப்பக்குவத்துல வைக்கட்டுமா?" என்று கேட்டார். பேச்சியம்மாள் சரி என்று தலையாட்டினாள்.

நாங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய்விட்டோம். அதே அரைக் கிலோவைத்தான் எடுக்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம் என்று மைமூன் அக்கா சொல்லியிருந்தார். எலும்பைத் தனியாக எடுத்துவிட்டுச் சதையைக் கொத்தித் தரச் சொல்லி, கூட ஒரு சுவரொட்டியும் சேர்த்து மாரியப்பன் வாங்கி வந்தான். கடலைப்பருப்பு முதலிலேயே ஊறிக்கொண்டிருந்தது. மைமூன் அக்கா சின்ன வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, இஞ்சி பூண்டு தட்டிப்போட்டு, எண்ணெய் பிரிகிற வரை வதக்கினார். கொத்தின கறியைப் போட்டு, ஈரம் சுண்டுகிற வரை கிண்டிக்கொண்டே இருந்தார். இல்லாவிட்டால் அது கட்டி கட்டியாகத் திரண்டுவிடும், திரண்டால் ஒருவருக்குக் கூடப் போய்விடும், ஒருவருக்குக் குறைந்துவிடும் என்றார். பிறகு பருப்பும் தக்காளியும் மிளகும். பெருஞ்சீரகத்தோடு அரைத்த தேங்காய். அடுத்த அடுப்பில் எலும்பு, வாழைக்காயோடு ராத்திரிக்காக வெந்துகொண்டிருந்தது.

சுவரொட்டியை என் கையில் கொடுத்தார். கருஞ்சிவப்பாக, நாக்கைப்போல வழவழவென்று இருந்தது. லேசாக நெருப்பில் காட்டி மேல்தோலை உரித்துப் பொடியாக நறுக்க வேண்டும். இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். செய்தது அன்றுதான். கத்தி வழுக்கிக்கொண்டே போயிற்று. இசக்கி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கத்தியை வாங்கிக்கொள்ளவா என்று கண்ணால் கேட்டாள். வேண்டாம் என்றேன். நறுக்கியதைக் கறியில் போட்டு, உருவிய முருங்கைக்கீரையைத் தூவி இறக்கினோம். சட்டியில் கறி ஒரு பங்கு என்றால் மற்றது இரண்டு பங்கு இருக்கும். ஆனால் எந்தக் கரண்டியில் மொண்டாலும் அதில் கறி வந்தது.

சுடலை தட்டைப் பார்த்துவிட்டுக் கையை வைக்காமல் இருந்தான். அம்மாவை நிமிர்ந்து பார்த்தான். "கறி எங்கம்மா?"

பேச்சியம்மாளுக்கு முகம் செத்துப்போயிற்று. வாரம் பூராவும் சுமை தூக்குகிற பிள்ளையின் தட்டில் ஒரு துண்டுகூட இல்லாமல் சோறு வைப்பது அவளுக்குச் சின்ன விஷயம் இல்லை. மைமூன் அக்கா ஏதாவது சொல்வார் என்று நான் அவரைப் பார்த்தேன். அவர் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

பேச்சியம்மாள்தான் பேசினாள். "அதுக்குள்ளதான்லே இருக்கு. எடுத்துப் பொறுக்க முடியாது, அவ்வளவுதான். எனக்கும் அவளுக்கும் ரத்தம் இல்லையாம். அந்தச் சட்டியில எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கு. தின்னு."

சுடலை இசக்கியைத் திரும்பிப் பார்த்தான். அவள் நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். பிசைந்து ஒரு வாய் வைத்தான், இன்னொரு வாய் வைத்தான். மாரியப்பன் இரண்டாம் தடவை சோறு கேட்டான். சுடலை கை கழுவப் போகும்போது, இசக்கியின் மாத்திரையை எங்கே வைத்திருக்கிறாய் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டு போனான். அந்த வீட்டில் அந்த மாத்திரையைப் பற்றி ஒரு ஆண் வாய் திறந்தது அன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சமையலில் ரத்தம் ஏறிவிடாது. சாப்பாடு மட்டும் போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். டாக்டர் குறித்த நாட்களில் பேச்சியம்மாளே மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மருந்து ஏறி முடிகிற வரைக்கும் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மாத்திரையை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றிக் கொடுத்ததில் குமட்டல் குறைந்தது. பேச்சியம்மாளும் ஒன்று போட்டுக்கொண்டாள். ஞாயிறுதோறும் கொத்துக்கறிதான். சில வாரம் முட்டைக்கோஸ் போட்டு, சில வாரம் கீரை போட்டு. ஒன்பதாம் மாதத்தில் இசக்கியின் இமைக்குள் லேசாக ஒரு சிவப்பு வந்திருந்தது. அளவு போதும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் முன்னால் இருந்ததற்கு எவ்வளவோ தேவலை.

திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவம். ஆண் குழந்தை. குழந்தை பிறந்து கொஞ்ச நேரத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் போயிற்று. நான் வெளியில் பேச்சியம்மாளோடு நின்றிருந்தேன். உள்ளே ஓடுகிறவர்களின் காலடிச் சத்தத்தை வைத்தே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பேச்சியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை சில்லென்று இருந்தது. ரத்தம் வேண்டும் என்று வந்து சொன்னதும் சுடலையும் மாரியப்பனும் போட்டி போட்டுக்கொண்டு போனார்கள். அவர்கள் வேலை பார்க்கும் இடத்திலிருந்தும் இரண்டு பேர் லாரியிலேயே வந்து இறங்கினார்கள்.

சாயங்காலம் டாக்டரம்மா வெளியில் வந்தார். பிழைத்துக்கொண்டாள் என்றார். கையை ஈரத் துண்டால் துடைத்துக்கொண்டே, கொஞ்ச மாதத்துக்கு முந்தைய ரிப்போர்ட்டில் இருந்த அளவோடு வந்திருந்தால் ரத்தம் ஏற்றுகிற வரைக்கும் அவள் தாங்கியிருக்க மாட்டாள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மைமூன் அக்காவுக்கு நான் போனில் சொன்னேன். அல்ஹம்துலில்லாஹ் என்றார். பிறகு, பேச்சியம்மாள் ஏதாவது சாப்பிட்டாளா என்று கேட்டார்.

மைமூன் அக்கா ஓய்வு பெற்றார், பிறகு நானும் பெற்றேன். அவர் இப்போது இல்லை. எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறோம். எல்லாம் இப்படி நல்லபடியாக முடியவில்லை. சில வீடுகளில் கொத்துக்கறியிலும் ஆண்களுக்கு முதல் கரண்டி, பெண்களுக்கு வழித்த சட்டி என்றுதான் இருந்தது. ஒரு வீட்டில் கறியைக் கொத்திப் போட்டதற்காகவே சண்டை வந்து, அந்தப் பெண் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. அதனால் இதை ஒரு வழிமுறையாக நான் யாருக்கும் சொல்வதில்லை. போய் உட்கார், பார் என்று மட்டும் சொல்கிறேன்.

இசக்கியின் வீட்டுக்குக் கடைசியாகப் போனது அந்தப் பையனுக்கு ஒரு வயது முடிகிற சமயம், தடுப்பூசிக்கு நாள் சொல்வதற்காக. அன்றும் ஞாயிற்றுக்கிழமை. உள்ளே எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கென்று பேச்சியம்மாள் தனியாகக் கடலைப்பருப்பும் கீரையும் வைத்திருந்தாள். சட்டியில் அன்றைக்குப் பேச்சியம்மாள் வைத்த துண்டுக் கறி. ரொம்ப நாளைக்குப் பிறகு துண்டாக வைத்தோம் என்று இசக்கி சொன்னாள். அகப்பை அவள் கையில் இருந்தது. சுடலைக்கு வைத்தாள், மாரியப்பனுக்கு வைத்தாள், மகளுக்கு வைத்தாள். தன் தட்டில் இரண்டு துண்டு போட்டுக்கொண்டாள். மாமியார் தட்டில் இரண்டு வைத்தாள். பேச்சியம்மாள் அதை எடுத்துச் சுடலையின் தட்டில் போடப் போனாள். இசக்கி தன் இடக்கையால் மாமியாரின் தட்டை நகர்த்திவைத்தாள். "தின்னுங்க அத்த" என்றாள்.

பேச்சியம்மாள் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றாள். வெகுநேரம் மென்றாள். நாங்கள் எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். முகம் சுருங்கியது.

"சரியா வேகலயேலே" என்றாள். "நான் எப்பவும் இப்பிடித்தான் வச்சிருக்கேனா?"

சுடலை தலையைக் குனிந்துகொண்டு, எப்பவும் இப்படித்தான் இருக்கும் என்றான்.

"அத ஒருத்தனாவது சொன்னீங்களா?" பேச்சியம்மாள் எழுந்தாள். எல்லார் தட்டிலும் இருந்த கறித் துண்டுகளைப் பொறுக்கிச் சட்டியில் போட்டாள். ஒரு செம்பு தண்ணீர் விட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். வேகட்டும், பொறுத்திருந்து தின்னுங்கள் என்று சொல்லிவிட்டுத் தன் தட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.